கணக்கில் வராத போன்கள்

“32-பிட்டா? அதெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு.” பழைய மாமல்லபுரம் சாலையில் மொபைல் கேம் கட்டுகிற எந்த அறையில் போய் உட்கார்ந்தாலும் சற்று நேரத்தில் இந்த வாக்கியம் காதில் விழும். சொல்பவரின் மேஜையில் புத்தம் புது போன் இருக்கும். சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பில்டு அமைப்பில் ‘ஏஆர்எம்வி7’ என்ற 32-பிட் கட்டத்தில் இருந்த டிக் எடுபடும். ஐந்து விநாடி வேலை. அதற்குள் கொக்கிலமேட்டிலும் மதுராந்தகத்திலும் செய்யூரிலும் அந்த விளையாட்டை யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பது முடிவாகிவிடுகிறது. அந்த முடிவை எடுத்தோம் என்கிற நினைப்பே எடுத்தவர்களுக்கு இருப்பதில்லை.

இந்த முடிவு பெரும்பாலான விளையாட்டுகளுக்குத் தவறு என்பது என் வாதம். ஆனால் எதிர்த்தரப்பை இளைத்தவராகக் காட்டி அடிப்பதில் பயனில்லை. அவர்கள் சொல்வதை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன்.

ஏஆர்எம் நிறுவனம் தன் 64-பிட் வடிவமைப்பை 2011 அக்டோபரில் அறிவித்தது. 2013-இல் ஐபோன் 5எஸ் அதை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 அதை ஏற்றுக்கொண்டது. ஆப்பிள் 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வழியாக 32-பிட் செயலிகளை அடியோடு நிறுத்தியது. கூகுளின் பிக்சல் 7, 2022-இல், 64-பிட் செயலிகளை மட்டுமே ஏற்கும் முதல் ஆண்ட்ராய்டு போனாக வந்தது. ஏஆர்எம் இப்போது வடிவமைக்கிற உயர்வகைக் கோர்கள் 32-பிட்டைக் கைவிட்டுவிட்டன. 64-பிட்டில் வேகம் உண்டு: பழைய முறையில் பதினாறு ரெஜிஸ்டர், அதிலும் சில ஒதுக்கீடு, புதிய முறையில் பொதுப் பயன்பாட்டுக்கே 31. நான்கு ஜிபி நினைவகம் என்ற கூரையும் இல்லை. இத்தனைக்கும் மேல், கூடுதலாகக் கட்டுகிற ஒவ்வொரு பில்டையும் யாராவது உட்கார்ந்து சோதிக்க வேண்டும். பழைய போன்காரர் காசு செலவழிப்பவரும் இல்லை. ஆகவே ‘ஏஆர்எம்64’ ஒன்றுக்குக் கட்டு, மற்றதை மற.

இதில் சொல்லப்பட்ட தகவல்களில் பிழையில்லை. அவற்றிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை.

மறுப்புக்குள் போகுமுன் ஒரு தெளிவு. ஆடுபுலி ஆட்டத்தை ஒருவர் முழுக்க ஜாவாவிலோ கோட்லினிலோ எழுதினால் இந்தச் சண்டையே இல்லை. அந்தக் கோடை ஆண்ட்ராய்டு போனே தன் ப்ராசசருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும். சி, சி++ மொழிகளில் எழுதி முன்கூட்டியே கம்பைல் செய்த நேட்டிவ் கோடு உள்ளே இருந்தால்தான் சிக்கல். யூனிட்டி, கொடோ போன்ற எஞ்சின்களில் செய்த கேம்கள் எல்லாமே அந்த வகை. ஏதாவது ஓர் ஏபிகே கோப்பின் பின்னொட்டை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். ‘லிப்’ என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ‘ஆர்ம்64-வி8ஏ’, ‘ஆர்ம்இஏபிஐ-வி7ஏ’, சிலவற்றில் ‘எக்ஸ்86_64’ என்று துணை ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேம், ஒவ்வொரு ப்ராசசர் மொழியில். போன் தனக்குரிய ஃபோல்டரைத் தேடும். இல்லையென்றால் ‘செயலி நிறுவப்படவில்லை’ என்று ஒற்றை வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். காரணம் சொல்லாது.

எடுத்துக்காட்டுக்குச் சதுரங்கத்தை வைத்துக்கொள்கிறேன். ஊர்ப்பாசம் ஒரு காரணம்: 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில். பொதுப்பிரிவில் 188 அணிகள் ஆடின. அங்கேதான் பதினாறு வயது குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றார். அதற்கு முன்பே அரசுப் பள்ளிகளில் வட்டார, மாவட்ட அளவில் போட்டிகள் நடத்தி மாணவர்களைத் தமிழ்நாடு அரசு இழுத்து வந்திருந்தது. இன்னொரு காரணம் தொழில்நுட்பம்: ப்ராசசர் வகை எவ்வளவு முக்கியம் என்று சோதித்துப் பார்க்கச் சதுரங்கத்தைவிடக் கடுமையான உரைகல் இல்லை. பலகையில் 64 கட்டம். ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின்கள் ஒவ்வொரு வகைக் காயின் இருப்பிடங்களையும் 64-பிட் எண் ஒன்றில் கட்டத்துக்கு ஒரு பிட்டாக எழுதிவைத்துக் கணக்குப் போடுகின்றன. 64-பிட் ப்ராசசரில் ஒரு கட்டளையில் முடிகிற வேலை 32-பிட்டில் இரண்டாகப் பிளந்து நடக்கும். ஆக, 64-பிட் தரப்புக்கு எல்லாவற்றையும்விடச் சாதகமான களத்தை நானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன். அங்கேயே அவர்கள் வாதம் நிற்கிறதா, பார்ப்போம்.

1. விதியையே தப்பாகப் படித்தால் அப்புறம் என்ன விவாதம்?

“கூகுளே 32-பிட்டைத் தடை செய்துவிட்டது” என்பது அடிக்கடி கேட்கிற முதல் காரணம். கூகுள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. 2019 ஆகஸ்ட் 1 முதல், நேட்டிவ் கோடு உள்ள செயலிகள் 64-பிட் பதிப்பையும் தர வேண்டும் என்றது பிளே ஸ்டோர். ‘பதிப்பையும்’ என்பதில் உள்ள உம்மையைக் கவனியுங்கள். 64-பிட் பதிப்பு இல்லாத செயலிகள் 64-பிட் போன்களுக்குக் கிடைக்காது என்றானது 2021 ஆகஸ்டில். 32-பிட் போன்களுக்குச் செயலிகளைத் தொடர்ந்து கொடுப்போம், அந்தக் கொள்கையில் மாற்றமில்லை என்று அதே அறிவிப்போடு கூகுள் தெளிவாகச் சொல்லியிருந்தது.

‘சேர்’ என்று வந்த உத்தரவை ‘மாற்று’ என்று படித்துக்கொண்டார்கள். ஆப்பிள் கதையைத் துணைக்கு அழைப்பதும் செல்லாது. ஆப்பிளுக்கு எல்லாப் போனும் தானே வடிவமைத்த போன். எந்த மாடல் எந்த ஆண்டு வழக்கொழியும் என்பதும் அதன் கையில். ஆண்ட்ராய்டில் அப்படி ஒரே முதலாளி இல்லை. ஒருவர் தன் வீட்டில் எடுத்த முடிவை ஊர்ச் சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது.

2. சிப் 64-பிட் என்றால் போனும் 64-பிட்டா?

இங்கேதான் பொறியாளர்களே தடுக்கி விழுகிறார்கள். “கார்டெக்ஸ்-ஏ53 வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு, அதிலிருந்து எல்லாமே 64-பிட்தானே?” சிப் 64-பிட்தான். ஆனால் அதன்மேல் போன் கம்பெனி ஏற்றிய ஆண்ட்ராய்டு 32-பிட்டாக இருந்தால், அந்தப் போன் உங்கள் கேமைப் பொறுத்தவரை 32-பிட் போன்.

2017-இல் வந்த மோட்டோ ஜி5 அப்படி.  அதிலிருந்த சிப்பில் 64-பிட் கோர்கள். ஏற்றிய மென்பொருளோ 32-பிட். வீட்டு அலமாரியில் ஒன்று கிடந்தால் சார்ஜ் போட்டு, ப்ராசசர் விவரம் காட்டும் செயலி எதையாவது இறக்கி, ‘ஆதரிக்கும் ஏபிஐ’ என்ற வரியைப் பாருங்கள். ‘ஆர்ம்இஏபிஐ-வி7ஏ’ இருக்கும், ‘ஆர்ம்64-வி8ஏ’ இருக்காது. பெட்டியில் அச்சிட்ட சிப்பின் பெயரைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு இது கடைசிவரை தெரியப்போவதில்லை.

இது அறியாமையால் நடந்ததும் இல்லை. 64-பிட்டில் நினைவக முகவரி ஒவ்வொன்றும் இரட்டிப்பு இடம் பிடிக்கும். ஒரு ஜிபி, இரண்டு ஜிபி ராம் போனில் அது வீண்செலவு. அதனால்தான் குறைந்த விலைப் போன்களுக்கென 2017 கடைசியில் வந்த ‘ஆண்ட்ராய்டு கோ’ வகையில் 32-பிட் அமைப்பு வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏழையின் போன் நன்றாக ஓட வேண்டும் என்று எடுத்த அதே முடிவு, அந்தப் போனுக்குள் உங்கள் கேம் வராமல் தடுக்கிற காரணமாக ஆகிவிட்டது. தடுத்தது போன் கம்பெனி இல்லை. டிக்கை எடுத்த நீங்கள்.

3. “எங்கள் டாஷ்போர்டில் 32-பிட் ஆட்களே இல்லையே!” எப்படி இருப்பார்கள்?

இதுதான் அவர்களுடைய பெரிய ஆயுதம், இதுதான் ஆகப் பெரிய ஓட்டையும். அவர்கள் காட்டுவது தங்கள் கேமை ஆடுபவர்களின் எண்ணிக்கை. கேமை நிறுவ முடியாதவர் அந்த எண்ணிக்கைக்குள் நுழைய வழியே இல்லை. பிளே ஸ்டோரில் அவர் தேடும்போது பல நேரம் உங்கள் செயலி கண்ணிலேயே படாது. நேரடி இணைப்பில் போனால் ‘உங்கள் சாதனத்துக்கு இது பொருந்தாது’ என்ற வரி. அவர் புகார் எழுத முடியாது. நிறுவாதவர் விமர்சனம் போட இடமில்லை. ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டக்கூட உரிமை இல்லாதவர் அவர்.

ரேஷன் கடையை மாடியில் வைத்துவிட்டு, படியேறி வந்தவர்களை எண்ணி, இந்த ஊரில் கால் முடியாதவர் யாருமில்லை என்று பதிவேட்டில் எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? முதலில் ஆளை வெளியே நிறுத்துகிறார்கள். பிறகு உள்ளே ஆள் இல்லை என்பதையே வெளியே நிறுத்தியதற்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். வட்டம் அழகாக மூடிவிடுகிறது.

உண்மையான கணக்கு வேண்டுமென்றால் வழி இருக்கிறது. பிளே கன்சோலின் சாதனப் பட்டியலில் ஆதரவில்லாத மாடல்கள் தனியாகத் தெரியும். ஒரே ஒரு வெளியீட்டில் இரண்டு பில்டையும் சேர்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்துக் கணக்கெடுக்கலாம். இதைச் செய்துவிட்டு வந்து “ஆள் இல்லை” என்று சொன்னால் தலைவணங்கி ஏற்கிறேன். செய்யாமல் சொல்வதற்குப் பெயர் புள்ளிவிவரம் இல்லை, ஊகம்.

4. அளவு பெருகுமா? யாருக்கு?

“இரண்டு பில்டு போட்டால் கேம் இரண்டு மடங்கு கனமாகிவிடும்” என்பது ஒரு காலத்தில் நியாயமான கவலை. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் புதிய செயலிகளை ‘ஆப் பண்டில்’ வடிவில்தான் ஏற்ற வேண்டும். எல்லா ப்ராசசர் வகைகளையும் ஒரே மூட்டையாக நீங்கள் ஏற்றுவீர்கள். போனுக்கு ஏற்ற துண்டை மட்டும் பிரித்து ஸ்டோர் அனுப்பும். 64-பிட் போன்காரர் 32-பிட் கோடில் ஒரு பைட்கூட இறக்குவதில்லை. இது தெரிந்த பிறகும் அளவைக் காரணம் காட்டுவது, பஸ் நின்றுபோன ரூட்டுக்கு டிக்கெட் கேட்பதாகும்.

இன்னொன்று. கேமில் கனம் எதில் இருக்கிறது? படங்களில், ஒலியில், முப்பரிமாண வடிவங்களில். அவை எல்லா ப்ராசசருக்கும் பொது; ஒரு தடவைதான் இருக்கும். இரட்டிப்பாவது நேட்டிவ் நூலகம் மட்டும்.

சதுரங்கச் செயலிகளுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. முன்பெல்லாம் எஞ்சினைத் தனியாக, போனுக்கு ஏற்றதைப் பார்த்து, பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 10-ஐ இலக்காக வைத்த செயலிகளிலிருந்து அப்படி இறக்கிய கோப்பைத் தன் சேமிப்பிடத்திலிருந்து இயக்கப் பாதுகாப்பு விதி அனுமதிப்பதில்லை. எஞ்சினை ஒரு நூலகம்போலப் பெயரிட்டு, பொட்டலத்துக்குள்ளேயே, ஒவ்வொரு ப்ராசசர் ஃபோல்டரிலும் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அதாவது, கட்டும்போது நீங்கள் விட்டதை ஆடுபவர் பிறகு தானாகச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. முன்பு உங்கள் அலட்சியத்துக்கு மாற்றுப் பாதை இருந்தது. இப்போது இல்லை.

5. “பழைய போன் தாங்காது” என்பவர் 2009-ஐ மறந்துவிட்டார்

32-பிட்டில் சதுரங்க எஞ்சின் மெதுவாக ஓடும். ஒப்புக்கொள்கிறேன், 64 கட்டக் கணக்கு இரண்டாகப் பிளக்கிறது என்று மேலே நானே சொன்னேன். 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 நரம்பியல் வலையைப் புகுத்தியபின் இடைவெளி இன்னும் கூடியிருக்கும். ஆனால் கேள்வி ‘எது வேகம்’ என்பதில்லை. ‘ஆடுபவருக்குப் போதுமா’ என்பதுதான்.

2009 ஆகஸ்டில் பியூனஸ் ஏர்ஸ் நகரில் நடந்த கோப்பா மெர்கோசூர் போட்டியில் பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4 என்ற மென்பொருள் ஓர் எச்டிசி டச் எச்டி கைபேசியில் ஓடிக் கலந்துகொண்டது. அதற்குள் இருந்தது 528 மெகாஹெர்ட்ஸ் 32-பிட் ஏஆர்எம் சிப்; இன்று குப்பையில் கிடக்கும் போனைவிட எளியது. விநாடிக்கு இருபதாயிரம் நிலைகளுக்கும் குறைவாகவே அதனால் அலச முடிந்தது. பத்து ஆட்டத்தில் ஒன்பதரைப் புள்ளி எடுத்துப் போட்டியை வென்றது. ஆட்டத் தரம் 2898 என்று கணக்கானது. அதன்பிறகு வந்த மோட்டோ ஜி5, திருக்கழுக்குன்றத்து எட்டாம் வகுப்பு மாணவிக்குச் சதுரங்கம் கற்றுத்தரப் போதாது என்று ஒருவர் சொன்னால், அவர் சிப்பைப் பற்றிப் பேசவில்லை. தன் சோம்பலைப் பற்றிப் பேசுகிறார்.

மிகக் கனமான களத்திலேயே இந்த நிலை என்றால் கேரம், லூடோ, சொல்விளையாட்டு, புதிர் இவற்றுக்கு என்ன சாக்கு இருக்கிறது?

6. சோதிக்க ஆளில்லையா, மனமில்லையா?

இதைத்தான் அவர்களுடைய நேர்மையான வாதம் என்பேன். ஒரு பில்டு கூடினால் வேலை கூடும். சிறிய குழுவுக்கு அது பாரம். ஆனால் எவ்வளவு பாரம்? யூனிட்டியில் அது ஒரு டிக். ஃப்ளட்டரில் டிக்கும் வேண்டாம். வெளியீட்டு ஏபிகே கட்டச் சொன்னால் 32-பிட் ஏஆர்எம், 64-பிட் ஏஆர்எம், எக்ஸ்86_64 மூன்றையும் அதுவே சேர்த்துக் கட்டுகிறது. கருவியைச் செய்தவர்கள் இயல்பிலேயே கொடுத்திருப்பதை நாம் மெனக்கெட்டு நீக்குகிறோம். சோதிக்க வேண்டுமா? செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள ஒரு செகண்ட்-ஹேண்ட் கடையில் அப்படி ஒரு போனை வாங்கி மேஜையில் வைத்தால் போதும். அலுவலகத்தின் ஒரு வார டீ செலவைத் தாண்டாது.

அந்தப் போன் செலவு மட்டும் வைக்காது, சம்பாதித்தும் கொடுக்கும். சி++ கோடில் ‘லாங்’ என்ற எண்வகை 32-பிட் ஆண்ட்ராய்டில் நான்கு பைட், 64-பிட்டில் எட்டு. அதை ஒருவர் அப்படியே சேமிப்புக் கோப்பில் எழுதிவிட்டார் என்று வையுங்கள். அப்பாவின் பழைய போனில் நாற்பது நிலை தாண்டிய பையன், புதுப் போன் வாங்கி, கிளவுடிலிருந்து சேமிப்பை மீட்கிறான். கேம் குழம்பி மூடிக்கொள்கிறது. குற்றம் 32-பிட்டுடையதா? இல்லை, கோடு எழுதியவருடையது. இரண்டு வகையிலும் ஓட்டிப் பார்த்தவர் முதல் வாரத்திலேயே இதைப் பிடித்திருப்பார். ஒன்றில் மட்டும் ஓட்டியவர், அடுத்து ஒரு புதிய தளம் வரும்போது மொத்தமாகச் சேர்த்து அனுபவிப்பார்.

7. “அவர்கள் காசு தரமாட்டார்கள்” என்றால் யாருக்காகக் கேம் செய்கிறோம்?

காசுக் கணக்கையே முதலில் பேசுவோம். இங்கே பெரும்பாலான இலவச கேம்களின் வருமானம் விளம்பரத்திலிருந்து வருகிறது. விளம்பரம் பார்க்கத் தேவை கண், போனின் விலை இல்லை. தவிர, போன் ஒருவரோடு நிற்பதில்லை. சிறுசேரியில் வேலை பார்ப்பவர் மாற்றுகிற போன் அவர் வீட்டு டிரைவருக்குப் போகிறது. டிரைவரிடமிருந்து அவர் மகளுக்கு. 2020-இலும் 2021-இலும் ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கி வாங்கிய போன் இன்று தம்பி கையில் விளையாட்டுச் சாமானாக இருக்கிறது. இந்தச் சங்கிலியில் கடைசியில் நிற்பவர் எப்போதும் சிறுபிள்ளை. கேமின் ரசிகரும் அவர்தான்.

இதே பிள்ளை மூன்றாண்டில் நல்ல போன் வாங்கும். முதல் போனில் எந்தப் பெயர் மனதில் பதிந்ததோ அதைத்தான் அதிலும் தேடும். அப்போது உங்கள் பெயர் அதற்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் ‘உங்கள் சாதனத்துக்கு இது பொருந்தாது’ என்ற வரியோடு சேர்த்துத்தான் தெரிந்திருக்கும்.

பொதுப்பணத்தில் கட்டப்படும் கற்றல் விளையாட்டுகளுக்கு இந்த வாதம் அறவே பொருந்தாது. ஓர் ஒலிம்பியாடை ஊருக்குக் கொண்டுவந்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்து, அடுத்த குகேஷ் எங்கிருந்தும் வரலாம் என்று மேடையில் பேசிவிட்டு, பயிற்சிச் செயலியை மட்டும் விலை உயர்ந்த போனுக்குக் கட்டினால் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள்? கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடையே எத்தனை குப்பங்கள்! அங்கே பயிற்சியாளரை அனுப்பப் பணமில்லை என்பது ஒரு காரணம். ஒரு டிக் போட மனமில்லை என்பதைக் காரணம் என்று சொல்ல முடியுமா?

8. எதிர்காலம் ஒரே ப்ராசசரா? இதே வார்த்தையை எத்தனை தடவை கேட்பது?

2012 ஏப்ரலில் லாவா நிறுவனத்தின் சோலோ எக்ஸ்900 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. உள்ளே இன்டெல் ஆட்டம் சிப், எக்ஸ்86 வகை. 2014-இல் ஆசஸ் ஜென்போன் 4, 5, 6 மூன்றும் இன்டெல் சிப்போடு இங்கே வந்தன; 5,999 ரூபாயில் தொடங்கிய விலை. இனி போனிலும் இன்டெல்தான் என்று சொன்னவர்கள் உண்டு. 2016 ஏப்ரலில் இன்டெல் போன் சிப் திட்டங்களைக் கைவிட்டது. ஒன்றில் மட்டும் பந்தயம் கட்டியவர்கள் எந்தப் பக்கம் கட்டியிருந்தாலும் அவதிப்பட்டார்கள். இரண்டுக்கும் கட்டியவர்கள் ஒரு டிக்கை எடுத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

இப்போது பாருங்கள். எக்ஸ்86_64 திரும்பவும் வாசலில் நிற்கிறது: குரோம்புக்குகளில், கணினியில் ஆண்ட்ராய்டு கேம் ஆட வைக்கும் எமுலேட்டர்களில். ஆர்ம் கோடை மொழிபெயர்த்து அவை ஓட்டும்தான். மொழிபெயர்ப்புக்கு விலை வேகம். ‘ஏஆர்எம்64’ என்பதும் ஒற்றைப் பொருள் இல்லை. ஸ்டாக்ஃபிஷ் ஆண்ட்ராய்டுக்கு மூன்று பதிப்பு தந்திருக்கிறது: 32-பிட்டுக்கு ஒன்று, 64-பிட்டுக்கே இரண்டு. புள்ளிப்பெருக்கல் கட்டளை உள்ள சிப்புக்குத் தனி, இல்லாததற்குத் தனி. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேலையோ இலக்காக வைக்கும் செயலிகள் 64-பிட் சாதனங்களில் 16 கேபி நினைவகப் பக்கங்களுக்கும் ஒத்துவர வேண்டும் என்று பிளே ஸ்டோர் கேட்கிறது. ‘64-பிட் மட்டும் போதும்’ என்று நிம்மதியாகத் தூங்கியவர்களையும் அது எழுப்பிவிட்டது.

அப்பால் ரிஸ்க்-வி இருக்கிறது. சென்னை ஐஐடியில் ‘சக்தி’ ப்ராசசர் வளர்ந்தது அந்தத் திறந்த வடிவமைப்பில்தான். ஒன்றிய அரசு 2022-இல் அதற்கென ஒரு திட்டமே அறிவித்தது. ஆண்ட்ராய்டில் அது எப்போது முழுதாக வேர்விடும் என்று ஜோசியம் சொல்ல நான் வரவில்லை. பல ப்ராசசருக்குக் கட்டுகிற பழக்கம் உள்ள குழுவுக்கு அது வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். பழக்கத்தைத் தொலைத்த குழுதான் ஒவ்வொரு தடவையும் அலறும்.

அப்படியானால் எதையுமே விடக்கூடாதா?

விடலாம், விடவும் வேண்டும். பழைய ஏஆர்எம்வி5, மிப்ஸ் இரண்டையும் 2018-இல் கூகுளின் என்டிகே (நேட்டிவ் கோடு கட்டும் கருவித்தொகுப்பு) 17-ஆம் பதிப்பு தூக்கிப் போட்டது. சரியான முடிவு, போன்களே இல்லை. 32-பிட் எக்ஸ்86-ஐப் பெரும்பாலோர் இன்று விடலாம். பரந்த உலகம், நிஜம்போன்ற காட்சி என்று பல ஜிபி நினைவகம் கேட்கும் கேமுக்கு 32-பிட் கட்டுவது வீண். கட்டினாலும் அந்தப் போனில் ஓடாது. 32-பிட் ஆண்ட்ராய்டின் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதியோடு நிரம்பி வழியும் என்பதால் அதற்கு ஆயுள் வரம்பும் உண்டு. 32-பிட் என்றென்றும் வாழ வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சாகுமுன் புதைக்காதீர்கள் என்கிறேன்.

இந்த விதிவிலக்குகளில் எல்லாம் ஒரு பொதுக்குணம் இருக்கிறது: காரணத்தை வெளியே சொல்ல முடியும். போன் இல்லை, நினைவகம் போதாது, கருவி ஆதரிக்கவில்லை. ‘எல்லோரும் விட்டுவிட்டார்கள்’ என்பது இந்தப் பட்டியலில் சேராது.

ஆகவே என் கோரிக்கை சிறியது. புதிய கேம் தொடங்கும்போது 32-பிட் ஏஆர்எம், 64-பிட் ஏஆர்எம், எக்ஸ்86_64 மூன்றும் இயல்பாக இருக்கட்டும். ஒன்றை நீக்க விரும்புபவர் ஒரு பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதித் தரட்டும்: இரண்டு பில்டும் இருந்தபோது எடுத்த கணக்கு என்ன சொல்கிறது, அதைக் கட்டவும் சோதிக்கவும் உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்களின் சேமிப்பும், அவர்களுக்கான கடைசிப் பதிப்பும் என்ன ஆகும். எழுதிக் கீழே பெயரையும் போடட்டும். அந்தப் பக்கத்தை எழுத முடிந்தவருடைய முடிவை நான் எதிர்க்கமாட்டேன். எழுத முடியாதவர் அந்த டிக்கின் மேல் கைவைக்க வேண்டாம்.